எவ்வளவு தாமதம் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி இது: கணினியியல், ஒளியியல், ரோபோவியல், ஒலிப் பொறியியல் ஆகிய நான்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் பயன்பாட்டு ஆராய்ச்சிக் கூடங்களில் உண்மையில் என்னதான் நடக்கிறது? கணினியியல் மட்டும் படித்த ஒருவர் அங்கே நுழைய எங்கிருந்து தொடங்குவது?

இந்த வேலையிலேயே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு துறைகளும் நான்கு திசையில் போவதாகத் தெரியும். உள்ளே வந்து ஒரு மாதம் உட்கார்ந்தால் எல்லா மேசையிலும் ஒரே பேச்சுதான் காதில் விழும்: தாமதம் எவ்வளவு? மைக்கில் விழுந்த ஒலி மென்பொருளுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று? லேசர் துடிப்பு போய்த் திரும்ப எவ்வளவு? கேமரா பார்த்ததற்கும் ரோபோவின் கை அசைந்ததற்கும் இடையே எவ்வளவு? சில மேசைகளில் தாமதம்தான் அவர்கள் தேடும் தகவல். சில மேசைகளில் அதுதான் எதிரி. எல்லா மேசைகளிலும் அதை அளந்தாக வேண்டும்.

முதலில் தகவலாக வரும் தாமதம். உங்கள் இடப்பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டால், அந்த ஒலி வலக்காதை விட இடக்காதை முந்தி அடைகிறது. தலையின் அகலத்தை வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லி வினாடிக்குள் அடங்கிவிடும். ஆனால் நம் காது அதில் வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபாடு உணர்கிறது. தாழ்ந்த சுரங்களுக்கு நேர வித்தியாசம், உயர்ந்த சுரங்களுக்குத் தலை மறைப்பதால் வரும் ஒலியளவு வித்தியாசம் என்று இரண்டு வழிகளில் நாம் திசையறிகிறோம் என்பதை 1907இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலி பிரபு விளக்கினார். ரோபோவுக்குக் காது வைக்கிறவர்கள் செய்வதும் இதையேதான். இரண்டு மைக், இரண்டு ஒலிப்பதிவு. ஒன்றை மற்றொன்றின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து எந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று தேடுவது. வெறும் அறையில் இது சிக்கலாகிவிடும். சுவரில் பட்டு வரும் எதிரொலிகளும் கிட்டத்தட்டப் பொருந்திவிடுவதால் உச்சம் எது என்று பிடிபடாது. இதற்கு 1976இல் நாப், கார்ட்டர் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒலி எவ்வளவு பலமானது என்பதைத் தூக்கி எறிந்துவிட்டு, அலையின் கட்டத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. பாதித் தகவலை வீசிவிட்டால் விடை தெளிவாகிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகிறது, இன்னும் பேச்சுக் கருவிகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

(ஈர்ப்பு அலையை 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலில் பிடித்தபோதும் நடந்தது இதே காது வேலைதான். அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் ஊரிலிருந்த கருவிக்கு வந்த அலை, ஏறத்தாழ 7 மில்லி வினாடி கழித்து நாட்டின் இன்னொரு கோடியில் ஹான்ஃபோர்டில் இருந்த கருவிக்கு வந்தது. அந்தத் தாமதம்தான் அலை வானத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்குத் துப்புக் கொடுத்தது. மூவாயிரம் கிலோமீட்டர் அகலத் தலை, அவ்வளவே.)

ஒலியில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒலி வினாடிக்கு 343 மீட்டர்தான் போகும். சாதாரணக் கணினி அதை ஆற அமர எண்ணலாம். ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். லிடார் (லேசர் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் கருவி) ஒன்று ஒரு சென்டிமீட்டர் துல்லியத்தில் தூரம் சொல்ல வேண்டுமென்றால், போக வர இரண்டு சென்டிமீட்டருக்கான 67 பிக்கோ வினாடியை (பிக்கோ என்பது நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அது பிரித்தறிய வேண்டும். ஒற்றை ஒளித்துகள் விழுந்தாலும் சட்டென்று மின்துடிப்பு தரும் சென்சார்களை வைத்து, ஆயிரக்கணக்கான துடிப்புகளின் புள்ளிவிவரம் சேர்த்து இதைச் சமாளிக்கிறார்கள். 2020இல் கைப்பேசிக்குள்ளேயே இது வந்துவிட்டது.

அதற்கும் கீழே போனால் எந்த மின்னணுக் கடிகாரமும் உதவாது. கண்ணின் விழித்திரையில் அடுக்கடுக்காக இருக்கும் படலங்களைப் பத்து மைக்ரோமீட்டர் துல்லியத்தில் பார்க்க வேண்டும். ஒளியின் தாமதமோ சில பத்து ஃபெம்டோ வினாடிகள், அதாவது பிக்கோவிலும் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. இங்கேதான் ஒளியியல்காரர்களின் கெட்டிக்காரத்தனம். கடிகாரம் இல்லையென்றால் ஒளியையே ஒளிக்குக் கடிகாரமாக்கு என்றார்கள். கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வரும் இரண்டையும் மீண்டும் சேர்ப்பது. பல நிறங்கள் கலந்த ஒளியாக இருந்தால், இரண்டு பாதைகளும் நூலிழை பிசகாமல் ஒரே நீளமாக இருக்கும்போது மட்டுமே குறுக்கீட்டு வரிகள் (இரண்டு அலைகளும் கூடுவதால் வரும் வெளிச்சமும் இருளுமான பட்டைகள்) தோன்றும். வரி தோன்றினால் ஆழம் தெரிந்துவிட்டது. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட இந்த முறை இன்று கண் மருத்துவமனைகளில் அன்றாட வேலை. தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லிச் சில வினாடிகளில் விழித்திரையின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கிறார்களே, அது உள்ளே தாமதம் அளக்கும் கருவிதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2014இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. ஒலிபுகாக் கண்ணாடிக்கு அப்பால் கிடக்கும் ஒரு சிப்ஸ் பையைக் கேமராவில் படமெடுத்து, பையின் அதிர்விலிருந்து அந்த அறையில் பேசியதை மீட்டெடுத்தார்கள். பை அசைவது ஒரு பிக்சலில் மிகச் சிறு பங்கு. கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதற்கு வினாடிக்குச் சில ஆயிரம் படங்கள் எடுக்கும் கேமரா வேண்டும். ஆனால் அதே குழு வினாடிக்கு 60 படம் எடுக்கும் சாதாரணக் கேமராவிலும் செய்து காட்டியது. எப்படி? மலிவான சென்சார்கள் ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக எடுக்கின்றன. வேகமாகப் போகும் ரயிலிலிருந்து படமெடுத்தால் மின்கம்பம் சாய்ந்து தெரிகிறதே, அந்தக் குறைதான். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிடச் சற்றுப் பிந்தி எடுக்கப்பட்டது என்றால், ஒரே படத்துக்குள் நூற்றுக்கணக்கான வெவ்வேறு கணங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள். எல்லோரும் திட்டித் தீர்க்கும் ஒரு தாமதத்தை அவர்கள் மாதிரியெடுக்கும் கடிகாரமாக மாற்றிக்கொண்டார்கள். கணினியியல், ஒளியியல், ஒலி மூன்றும் ஒரு சிப்ஸ் பையில். இந்தத் துறைக்கு வருகிறேன் என்று யார் சொன்னாலும் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன்.

இனி எதிரி. கேட்டவர் ரோபோவைப் பற்றியும் கேட்டிருக்கிறார். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளக் குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். கொஞ்சம் பழகினால் நிற்கும். ஒரு பென்சிலை நிறுத்துங்கள், நடக்காது. பென்சில் லேசானது, குச்சி கனமானது, இருந்தும் ஏன்? குட்டையான பொருள் விரைவாகச் சாயும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை நகர ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. குச்சி சாய்வதற்குள் கை போய்விடுகிறது, பென்சில் சாய்ந்த பிறகுதான் போகிறது. பலமோ திறமையோ இதில் குறுக்கே வராது; சங்கிலியின் மொத்தத் தாமதம், விழும் நேரத்தைவிடக் குறைவா என்பதுதான் கேள்வி. 2009இல் சூரிச்சில் ஒரு குழு பென்சிலை நிறுத்தும் ரோபோவைச் செய்தது. கையை வேகமாக்கியதைவிடக் கண்ணை மாற்றியதுதான் அதில் விசேஷம்: முழுப் படமாக எடுக்காமல், ஒளி மாறிய பிக்சல்கள் மட்டும் மைக்ரோ வினாடிகளில் செய்தி அனுப்பும் கேமரா. பார்க்க வேண்டியது குறைந்ததால் கணக்கும் குறைந்தது, தாமதமும் குறைந்தது.

சத்தம் அழிக்கும் ஹெட்ஃபோனிலும் இதே கதை. எதிர் அலையை அனுப்பிச் சத்தத்தை அழிக்கலாம் என்ற யோசனைக்குப் பால் லூயெக் 1936லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். காதில் மாட்டும் வடிவத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எதிர் அலை 50 மைக்ரோ வினாடி பிந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விமான எஞ்சினின் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு ஒரு சுற்று 10 மில்லி வினாடி. அதில் 50 மைக்ரோ வினாடி தூசுக்குச் சமம், சத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வீச்சுதான் மிஞ்சும். அதே தாமதம் 2000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு. அறுபது விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சிவிடும். 3300 ஹெர்ட்ஸ் தாண்டினால் கருவி சத்தத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டும். விமான இரைச்சல் மறைந்து, பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகை மட்டும் தெளிவாகக் கேட்பதன் காரணம் இதுதான். எஞ்சியதை ஹெட்ஃபோனின் பஞ்சுதான் தடுக்க வேண்டும். எந்தச் செயற்கை நுண்ணறிவையும் மேலே கொட்டி இந்தக் கணக்கை மாற்ற முடியாது. இரைச்சல் நீக்கும் நரம்பு வலைகள் எதிர்காலத்தை எட்டிப் பார்க்க ஆசைப்படும்; அடுத்த 40 மில்லி வினாடியைக் கொடுத்தால் அருமையாகச் சுத்தம் செய்யும். பதிவு செய்த ஒலிக்கு அது சரி. காது கேட்கும் கருவியில் பத்து மில்லி வினாடி தாண்டினாலே, நேராக வரும் ஒலியும் கருவி வழியாக வரும் ஒலியும் மோதி, அணிந்திருப்பவருக்குத் தன் குரலே குழாய்க்குள் பேசுவதுபோலக் கேட்கும். ஆய்வுக் கட்டுரைகளில் தர மதிப்பெண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டுத் தாமதத்தை அடிக்குறிப்பில் தள்ளுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மனிதர் நடுவில் இருந்தால் கணக்கு இன்னும் சுவையாகும். தொலைபேசியில் ஒரு வழிக்கு 150 மில்லி வினாடி வரை பேச்சு இயல்பாக ஓடும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். ஆனால் தொலைவில் இருக்கும் இருவர் சேர்ந்து கைதட்டித் தாளம் போட்டால் பத்துப் பன்னிரண்டு மில்லி வினாடியைத் தாண்டியதுமே தாளம் மெல்ல இழுபடத் தொடங்குகிறது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கிறார், அவர் இவருக்காக. பேசுகிறவரின் குரலை ஏறத்தாழ 0.2 வினாடி பிந்தி அவர் காதிலேயே போட்டால் நாக்குக் குழறும். ஜப்பானில் இருவர் இதையே துப்பாக்கி வடிவக் கருவியாகச் செய்து, நீட்டி முழக்குகிறவர்களை நிறுத்தலாம் என்று காட்டினார்கள். 2012இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கருவி அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

இத்தனையும் படித்தால் தாமதத்தைக் குறைப்பதுதான் வேலை என்று தோன்றும். அங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். செவ்வாயில் ஊர்தி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. ஊர்தி நன்றாகத்தான் ஓடுகிறது. 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கிலிருந்த மருத்துவர் ழாக் மாரெஸ்கோ, ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த நோயாளிக்கு ரோபோ வழியாகப் பித்தப்பையை எடுத்தார். தாமதம் ஏறத்தாழ 155 மில்லி வினாடி. அதற்கென்றே ஒதுக்கிய கண்ணாடி இழை இணைப்பு அந்தத் தாமதத்தை நிலையாக வைத்தது. மாறாத தாமதத்துக்குக் கை பழகிவிடும். சராசரியாக 30 மில்லி வினாடி, அவ்வப்போது 300 என்று துள்ளும் இணைப்பில் எந்த அறுவை மருத்துவரும் கத்தியைத் தொட மாட்டார். என் அனுபவத்தில் ஆராய்ச்சிக் கருவிகள் வெளியுலகில் தோற்பதற்குப் பெரிய தாமதம் காரணமாக இருந்தது அபூர்வம். தெரியாத தாமதமும் தானாக மாறும் தாமதமும்தான் கழுத்தை அறுத்திருக்கின்றன.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பேசும் ரோபோ ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். தான் பேசுவதைத் தானே கேட்டுக் குழம்பாமல் இருக்க அதற்கு எதிரொலி நீக்கி வேண்டும். ஸ்பீக்கருக்குப் போன ஒலியை வைத்து மைக்கில் திரும்பி வருவதை ஊகித்துக் கழித்துவிடும் முறை. 1960களில் பெல் ஆய்வகத்தில் மான் மோகன் சோந்தியும் அவருடன் இருந்தவர்களும் தொலைபேசிக்காக உருவாக்கியது. எங்கள் சோதனைகளில் பிரமாதமாக வேலை செய்தது. பார்வையாளர்களுக்குக் காட்டிய நாளில், அரை மணி நேரம் ஆனதும் ரோபோ தன் குரலுக்குத் தானே பதில் சொல்லத் தொடங்கியது. "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. அதைக் கேட்டு மறுபடியும் "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு வாரம் அல்காரிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். குற்றவாளி வேறிடத்தில் இருந்தது. மைக்குக்குள் கடிகாரமாகத் துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம், ஸ்பீக்கர் அட்டையில் இன்னொன்று. இரண்டும் வினாடிக்கு 48,000 மாதிரி (ஒலியலையை ஒரு கணத்தில் அளந்த எண்தான் மாதிரி) என்றுதான் சத்தியம் செய்தன. உண்மையில் பத்து லட்சத்தில் முப்பது பங்கு வித்தியாசம். நிமிடத்துக்கு 1.8 மில்லி வினாடி. அரை மணியில் 54. எங்கள் நீக்கி பார்த்துக்கொண்டிருந்த 64 மில்லி வினாடி ஜன்னலின் விளிம்புக்கு எதிரொலி நகர்ந்து போய்விட்டது. எங்கள் சோதனைகளெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்ததால் அது கண்ணில் படவே இல்லை. மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒரே அட்டைக்கு மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. அல்காரிதத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

கேமராவிலும் இதன் தம்பி இருக்கிறான். படம் எடுத்த நேரத்தைக் குறிப்பதற்குப் பதில், படம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துவிடுவார்கள். ரோபோ நின்றுகொண்டிருக்கும்போது தவறே தெரியாது. வினாடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்பும்போது 30 மில்லி வினாடிப் பிழை மூன்று டிகிரி ஆகும். ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் கதவு 26 சென்டிமீட்டர் நகர்ந்து தெரியும். ரோபோ சுவரில் முட்டும். எல்லோரும் வரைபட மென்பொருளைக் குறை சொல்வார்கள்.

இனி, எங்கிருந்து தொடங்குவது? பெரிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒலிதான் மலிவான வாசல். கணினியின் ஒலி வெளியீட்டை ஒரு கம்பியால் அதன் உள்ளீட்டில் செருகுங்கள். ஒரு சொடுக்கு ஒலியை அனுப்பி, அது எத்தனை மாதிரி கழித்துத் திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை எதுவாகவும் இருக்கலாம். நூறு முறை செய்து, எண் ஒவ்வொரு முறையும் அதேதானா என்று பாருங்கள். அதே இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஏன் என்று கண்டுபிடியுங்கள்; பெரும்பாலும் இயங்குதளத்தின் இடைநிலை நினைவகமோ, நீங்கள் எழுதிய நிரலோதான். இந்த ஒரு வேலையில் கணினியியல் படித்த உங்களுக்குத்தான் மற்றவர்களைவிடக் கை நன்றாக ஓடும்.

பிறகு கம்பியை எடுத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரையும் அதிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி ஒரு மைக்கையும் வையுங்கள். 48,000 மாதிரி வேகத்தில், பழைய எண்ணோடு ஏறத்தாழ 140 கூடியிருக்கும். அந்த 140தான் ஒரு மீட்டர் காற்று. இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் 280. அறையின் வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் 140 என்பது 138க்கு அருகில் வந்துவிடும். ஒலி டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் வேகம் கூடுகிறது. திறந்தவெளி நிகழ்ச்சிகளில் மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கர்களை 175 மில்லி வினாடி பிந்த வைக்கிறார்கள், அதற்கு மேலும் ஒரு பத்துப் பதினைந்து சேர்க்கிறார்கள். முதலில் வந்த ஒலியின் திசையைத்தான் காது நம்பும் என்று 1949இல் ஹெல்முட் ஹாஸ் காட்டியதால், கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்ற வேண்டுமே. வெயில் இறங்கி ஊர் குளிர்ந்ததும் அந்த 175க்கும் திருத்தம் வேண்டும். உங்கள் மேசையில் இரண்டு மாதிரியாகத் தெரிந்தது அங்கே மூன்று மில்லி வினாடியாக நிற்கும்.

அது கைவந்ததும் இரண்டாவது மைக்கை 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, அறையில் எங்காவது நின்று கைதட்டுங்கள். இரண்டு பதிவுகளுக்கும் இடையில் அதிகபட்சம் 28 மாதிரி வித்தியாசம்தான் வர முடியும், இந்தப் பக்கம் 28, அந்தப் பக்கம் 28. ஆக மொத்தம் 57 திசைகளைத்தான் உங்கள் கருவியால் பிரித்தறிய முடியும். அதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே இருக்கும் மதிப்பைக் கணக்கிட்டு இடைச்செருக வேண்டும். அந்த இடத்தில் நாப், கார்ட்டர் எழுதிய 1976ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திறந்து படியுங்கள், இப்போது புரியும். இரண்டு மைக்குகளும் ஒரே அட்டையில்தான் செருகப்பட்டிருக்கின்றனவா என்று அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.